பத்து எண்ணும் வரை அழுத்துங்கள்

பாலக்கரை சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குப் பிரிவு உபசாரம் நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அன்று போர்த்திய சால்வை இப்போது எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் மேல் தூசி விழாமல் காத்துக்கொண்டிருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு எதற்கு என்று கேட்பீர்கள். லேப்டாப்பின் சின்னத் திருகாணிகள் என் கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. நான்கைக் கழற்றிவிட்டு எட்டைத் தேடுகிறவனை எவ்வளவு நாள் வேலைக்கு வைத்திருப்பார்கள்?

போன வாரம் முதலாளி கூப்பிட்டார்.

"சார், புதுப் பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க. டெக்னிக்கலா வேணாம், அதெல்லாம் அவங்களே தேடிப் படிச்சுக்குவாங்க. நீங்க எங்கெங்க சொதப்புனீங்கன்னு எழுதுங்க."

"எத்தனை பக்கம் எழுதலாம்?"

"எல்லாத்தையும் எழுதினா நோட்டு பத்தாது சார். ஒண்ணே ஒண்ணு போதும்."

அந்த ஒன்று போன மாதம் நடந்தது. அப்போது நான் வேலையில்கூட இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் சொதப்ப முடியும் என்பதை நீங்கள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உங்களிடம் வரும் புகார்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "மூடி வச்சுத் திறந்தா ஹேங் ஆகுது சார்." மூடியை மூடினால் லேப்டாப் தூங்கப் போகிறது. திறந்தால் எழுகிறது. எழுந்த கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிடும், இல்லையென்றால் படம் அப்படியே நின்றுவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. இதற்குக் காரணங்கள் நூறு இருக்கும். அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. நூற்றியோராவது காரணத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது நான்.

முதலில் என் புகழைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போனிலேயே வியாதி கண்டுபிடிப்பவன் என்று நம் கடையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வாடிக்கையாளரிடம், "போனை ஸ்பீக்கர்ல போட்டு, கீபோர்டுக்குக் கீழ இடது பக்கம் கை வைக்கிற இடத்துல வைங்க" என்பேன். பெரும்பாலான லேப்டாப்களில் காற்றாடி அந்தப் பக்கம்தான் இருக்கும். அதன் சத்தத்தை வைத்தே உள்ளே வேலை நடக்கிறதா, சும்மா சூடாகிறதா, மொத்தமாக அடங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

எனக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு லேப்டாப்பைக்கூடத் திறந்து பார்த்தவர் இல்லை. அப்போது நம் கடை வாசலில் போன் எடுத்துக்கொண்டிருந்த அக்கா அவர். கூப்பிடுகிற எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார். உள்ளே என்ன இருக்கு? புதுசா என்ன வந்துச்சு? கடைசியா தொட்டது யாரு? காய்ச்சலுக்கு வந்தவரிடம் ஜாதகம் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று நாங்கள் உள்ளே உட்கார்ந்து சிரிப்போம்.

ஒரு நாள் ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் வியாபாரி ஒருவர் மூன்றாவது முறையாக அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் மூடித் திறந்தால் உறைகிறது, கடையில் திறந்தால் ஓடுகிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுவிடலாம் என்று முடிவு கட்டி, அதற்கான பென் டிரைவைச் சொருகியும்விட்டேன். அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"அண்ணே, இதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"பொண்ணு கல்யாண போட்டோங்க."

"வேற எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லீங்களே. எல்லாம் இதுலதான் இருக்கு."

என் கை அப்படியே நின்றது.

"வீட்டுல புதுசா ஏதாச்சும் வந்துச்சா?"

"தார் எடை போட மெஷின் ஒண்ணு வாங்கினேன். அதோட வயர இதுலதான் சொருகி வச்சிருக்கேன்."

"சரி. இந்த லேப்டாப்ப கடைசியா தொட்டது யாரு?"

அவர் விரலை நீட்டி என்னைக் காட்டினார். "இந்த சார்தாங்க. மூணு தடவையும்."

எடை மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு மூடித் திறக்கச் சொன்னோம். அதன் பிறகு அவர் வரவே இல்லை. லேப்டாப் எழுந்ததும் அந்த மெஷினைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது, மெஷினோ அணைந்து கிடந்திருக்கிறது. நான் மூன்று முறை கழற்றிப் பார்த்த எந்த பாகத்திலும் குற்றம் இல்லை. அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்விகளையும் நானே கேட்க ஆரம்பித்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களையும் கேட்க வைத்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒருவரிடம்தான் கேட்காமல் விட்டேன்.

என் மகள் நித்யா. துவாக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதுகலை கடைசி வருடம் படிக்கிறாள். கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டு மாடியில், ஷபானா என்ற தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம், ஒன்றும் வெளிநாடு இல்லை. இருந்தாலும் தினமும் காலையில் ஒருமுறை நான் கூப்பிட்டுவிடுவேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடித்ததும், "போனை லேப்டாப் மேல வைம்மா" என்பேன். மூன்று வருடப் பழைய லேப்டாப், நான் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தது. மகளின் குரலைக் கேட்டால் எனக்குப் பாதி நிம்மதி, காற்றாடியின் சத்தத்தைக் கேட்டால் மீதி நிம்மதி. "கொழந்தைக்கு நெஞ்சுல வச்சுப் பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்பாள் என் மனைவி. எந்தக் குழந்தைக்கு என்று அவள் சொன்னதில்லை.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவளோடு போனபோது, போனுக்கு உறை வாங்கினேன். புத்தகம் மாதிரி திறந்து மூடுகிற உறை. மூடினால் 'டப்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒரே நிறத்தில். "எப்பவும் மூடியே வை, கீழ விழுந்தாலும் ஸ்கிரீன் உடையாது" என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை போனில் சொன்னாள்: "அப்பா, லேப்டாப் ஹேங் ஆயிடுச்சு. மூடி வச்சிருந்தேன். திறந்தேன், வந்துச்சு. உங்ககிட்ட பேசிட்டு இருக்கும்போதே கறுப்பாயிடுச்சு."

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பவர் பட்டனைப் பத்து எண்ணும் வரை அழுத்தச் சொன்னேன். அப்படி அழுத்தினால் எந்த லேப்டாப்பும் மொத்தமாக அணைந்துவிடும். பிறகு புதிதாக எழும், எழுந்தது. சேமிக்காத எல்லாம் போய்விடும். அந்த மூன்று நாளும் போவதற்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை லேப்டாப்பை வீட்டுக்கு வரவழைத்தேன். திரைக்கான மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றினேன். தூங்கும் முறையை மாற்றினேன். பின்பக்கத்தைத் திறந்து தூசி தட்டினேன். மனைவியைச் சாட்சிக்கு உட்கார வைத்து இருபது முறை மூடித் திறந்தேன். இருபது முறையும் சமர்த்தாக எழுந்தது. நித்யாவின் போன் சமையலறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, என்னுடையது சட்டைப் பையில் இருந்தது. இதை இப்போது எழுதுகிறேன். அப்போது கவனிக்கவில்லை.

"குணமாயிடுச்சு" என்று அறிவித்து அனுப்பி வைத்தேன்.

இனி நடந்ததை நீங்கள் புரிந்துகொள்ள, எனக்கு அன்றைக்குத் தெரியாத ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வார்த்தையை நம்பி, திங்கட்கிழமை நித்யா தன் ஆய்வுக்கான ஒரு பெரிய கணக்கீட்டை அந்த லேப்டாப்பில் ஓட விட்டாள். பாலம் ஒன்று காற்றில் எப்படி ஆடும் என்று பார்க்கிற கணக்கீடு. நாள் கணக்கில் ஓடும். முடியும்போதுதான் விடையை எழுதும், நடுவில் அணைத்தால் முதலிலிருந்துதான். மூடினால் அப்படியே தூங்கும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அந்த விடையைத் துறையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பருவம் போச்சு, வேலைக்குச் சேர வேண்டிய தேதியும் அதோடு போச்சு. அந்த வாரம் முழுவதும் காலையில் நான் கூப்பிட்டபோதெல்லாம் அவள் ஏதோ சாக்குச் சொல்லி போனை லேப்டாப் மேல் வைக்கவில்லை. "ஓடுதுப்பா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். எனக்குப் பாதி நிம்மதியிலேயே வாரம் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என்னால் தாங்க முடியவில்லை. அவள் அப்போதுதான் லேப்டாப்பை மூடித் துறைக்குக் கொண்டு வந்து திறந்திருந்தாள்.

"ஓடுதாம்மா?"

"ஓடுதுப்பா."

"எங்கே, போனை மேல வை. ஒரு நிமிஷம் கேட்டுக்கறேன்."

"அப்பா, வேலையா இருக்கேன்."

"ஒரே நிமிஷம்."

வைத்தாள். காற்றாடி 'உய்ய்ய்' என்று சுழல்வது கேட்டது. நெஞ்சு குளிர்ந்தது. மூன்று விநாடி. பிறகு அந்தச் சத்தம் இறங்கி, இறங்கி, நின்றுபோனது.

"அப்பா" என்றாள். குரலே சரியில்லை.

"கேப்ஸ் லாக்க தட்டு. லைட் எரியுதா?"

அந்த விளக்கு எரிந்தால் திரை கறுத்திருந்தாலும் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

"எரியல."

"காற்றாடி சத்தமும் இல்ல. மொத்தமா உறைஞ்சிடுச்சு. பவர் பட்டன அழுத்து."

மறுமுனையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"நித்யா, அழுத்தும்மா. பத்து எண்ணு. நானும் கூட எண்ணுறேன்."

எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் சரியாக ஒரு விநாடி விட்டு எண்ணினாள். பயந்துபோன வாடிக்கையாளர்கள் ஆறிலேயே கையை எடுத்துவிடுவார்கள். என் மகள் பத்து வரை போனாள். "வெரி குட், இப்படித்தான் நிதானமா இருக்கணும்" என்று பாராட்டினேன்.

"அழுத்தினியா?"

"அழுத்தினேன்ப்பா."

"வந்துச்சா?"

"வரல."

"எதுலயும் கை வைக்காத. நான் வரேன்."

பத்து நிமிடத்தில் பை தயாராகிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் செட், பிரஷ், உதிரி மெமரி, உதிரி டிஸ்க், டார்ச். மனைவி வாசல்வரை வந்தாள்.

"பொண்ணப் பாக்கப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

"ரெண்டும்தான்."

"ரத்தக்கொதிப்பு மாத்திரையப் போட்டுக்கிட்டு ஆபரேஷன் பண்ணுங்க."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது கூப்பிட்டேன்.

"அப்பா, வந்துடுச்சு. நல்லா ஓடுது. நீங்க வீட்டுக்குத் திரும்பிப் போங்க."

"எப்படி வந்துச்சு?"

"போனக் கையில எடுத்து ஷபானாகிட்ட பேசப் போனேன். திரும்பிப் பார்த்தா தானா வந்திருந்துச்சு."

'தானா' என்ற சொல் எனக்குப் பிடிக்காது. தானாக வந்தது தானாகப் போகும். அது என் அனுபவம். அந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கேட்டிருந்தால் நான் அங்கேயே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன். நான் கேட்டது பின் பாதியை.

"நம்ப முடியாது. போனை அங்கேயே வை. இந்தத் தடவை நான் லைன்லயே இருக்கேன். சத்திரம் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே வரேன்."

வைத்தாள். உய்ய்ய். இறங்கியது. நின்றது.

"ஃபேன் நின்னுடுச்சா? ஓடுதா, இல்லையா? ஏன் நின்னுச்சு?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தொட்டார். "கன்டென்சர் போயிருக்கும் சார். மாத்துனா சுத்தும். எங்க வீட்டுலயும் இப்படித்தான்."

சத்திரத்தில் பஸ் மாறினேன். காந்தி மார்க்கெட் நெரிசலில் ஒருமுறை, பால்பண்ணை தாண்டி ஒருமுறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் கூப்பிடுகிறவரை ஓடுகிறது. நான் காது கொடுத்ததும் அடங்குகிறது. இரண்டு முறையும் நான் விடாமல் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று லைனிலேயே இருந்து, அடங்கிய லேப்டாப்பின் மௌனத்தைக் கவனமாகக் கேட்டேன். பால்பண்ணையில் மறுபடியும் பத்து எண்ணினோம். மறுபடியும் அழகாக எண்ணினாள்.

திருவெறும்பூர் வந்தபோது கூப்பிட்டேன். என் மகள் என் அழைப்பைத் துண்டித்தாள். வாழ்க்கையில் முதல்முறை. உடனே ஒரு செய்தி வந்தது: "ஓடுது. நீங்க கூப்பிட்டாதான் நிக்குது. ப்ளீஸ், கூப்பிடாதீங்க."

நான் நொந்துபோனேன். பெற்றவன் பதறிக்கொண்டு வருகிறேன், படித்த பெண் இப்படி மூடநம்பிக்கை பேசுகிறாளே என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கவனியுங்கள். அந்த வரியைவிடத் துல்லியமான குறிப்பு எந்த வாடிக்கையாளரும் எனக்குக் கொடுத்ததில்லை. அதை நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

துறையின் கணினி அறையில் நுழைந்தபோது நித்யாவும் ஷபானாவும் லேப்டாப்பைக் குளிருக்குப் போர்த்தி வைத்த குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது. ஷபானா எழுந்து எனக்கு நாற்காலி போட்டாள்.

"வாங்க அங்கிள். உங்க குரல் கேட்டாலே அது கண்ண மூடிக்குது. நேர்ல பாத்துட்டு என்ன செய்யப் போகுதோ."

"பேசாம இருடி" என்றாள் நித்யா.

பையைத் திறந்து கருவிகளை மேசையில் வரிசையாக அடுக்கினேன். பின்பக்கக் கதவைத் திறந்து பார்க்கலாமா என்று லேப்டாப்பின் மேல் குனிந்தேன். குனிந்தால் சட்டைப் பையிலிருந்து போன் விழும். அதனால் அதை எடுத்து, இருபத்தாறு வருடப் பழக்கத்தில், கீபோர்டுக்குக் கீழே இடது பக்கம் கை வைக்கிற இடத்தில் வைத்தேன். மூடிய உறையோடு.

உய்ய்ய். இறங்கியது. நின்றது. திரை கறுத்தது.

"மாஷா அல்லாஹ்" என்றாள் ஷபானா. "அங்கிள் பேசக்கூட இல்ல."

பதற்றத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். இரண்டு விநாடியில் காற்றாடி சுழன்றது, திரை வந்தது. நான் திரையைப் பார்த்தேன். கையிலிருந்த போனைப் பார்த்தேன். மெதுவாகப் போனைக் கீழே வைத்தேன். கறுத்தது. எடுத்தேன். வந்தது.

மேசையில் கிடந்த திருகாணி ஒன்றை எடுத்து உறையின் மூடிப் பக்கம் கொண்டுபோனேன். டப் என்று ஒட்டிக்கொண்டது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். லேப்டாப் மூடியின் விளிம்பில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கை வைக்கும் இடத்துக்கு அடியில் அதை உணரும் பாகம் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால், மூடிவிட்டார்கள் என்று நினைத்து லேப்டாப் தூங்கும். காந்தம் விலகினால் எழும். அது உறையவே இல்லை. ஒருமுறைகூட உறையவில்லை. மூடச் சொன்னால் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான லேப்டாப்களில் அந்தப் பாகத்தை இந்தக் கையாலேயே மாற்றியிருக்கிறேன். அதே கையால் காந்தம் வைத்த உறையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் வை, வை என்று ஸ்ரீரங்கத்திலிருந்து பால்பண்ணை வரை உத்தரவு போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கீடு கண்ணில் பட்டது. மேலே தொடங்கிய நாள் போட்டிருந்தது: திங்கட்கிழமை. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முடிந்திருந்தது.

"இது என்னம்மா?"

"என் கணக்கீடு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

"திங்கட்கிழமையிலேர்ந்தா ஓடுது?"

"ம்."

"நடுவுல அணைச்சா?"

"போயிடும்."

எனக்குக் கணக்கு உதைத்தது. "காலையில பத்து எண்ணி அழுத்தினோமே? பால்பண்ணைகிட்டயும் அழுத்தினோமே? அழுத்தியிருந்தா இது எப்படி ஓடும்?"

ஷபானா உத்தரத்தை ஆராயத் தொடங்கினாள்.

"எண்ணினேன்ப்பா" என்றாள் நித்யா. "அழுத்தல."

"அழுத்திட்டேன்னு சொன்னியே."

"ஆமா. விரலக் காத்துல வச்சிக்கிட்டு எண்ணினேன்."

"உள்ள இப்படி ஒண்ணு ஓடுதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையேப்பா." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "சொன்னா பயந்துடுவீங்க. உங்களுக்கு ஏற்கெனவே மாத்திரை. நீங்க பயந்தா என்னால யோசிக்க முடியாது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுக்கி வைத்த கருவிகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சொன்னபடி அவள் கேட்டிருந்தால் காலை ஒன்பதே முக்காலுக்கே எல்லாம் முடிந்திருக்கும். நல்ல பெண்ணாக வளர்க்க வேண்டும் என்று சொன்னபடி கேட்கப் பழக்கியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தப் பழக்கம் சரியாகப் படியவில்லை என்பதற்காக இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆபத்து இன்னும் முடியவில்லை. தூங்கிய நேரமெல்லாம் கணக்கீடு நின்றிருந்தது. நித்யா கூட்டிப் பார்த்தாள். என் நாலு அழைப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தைச் சாப்பிட்டிருந்தன. மீதி முடிய மாலை மூன்றே முக்கால் மணி ஆகும் என்றது திரை. கெடு நாலு மணி.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளிய போகணும் அங்கிள்" என்றாள் ஷபானா. "போனோட."

கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் மூன்றே முக்கால் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலையில் எத்தனை பஸ் போனது என்று கேட்டால் சொல்வேன். போன் கையிலேயே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரல் அவள் பெயர்மேல் போய் நின்றது. உள்ளே அவள் போன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பையில் வைத்திருப்பாள், அறிவுள்ளவள். ஒருவேளை இல்லாவிட்டால்? கூப்பிட்டால் எடுத்துப் பேசிவிட்டு, பழக்கத்தில் அங்கேயே வைத்துவிட்டால்? இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்த மிகக் கடினமான வேலை அதுதான். கை வைக்காமல் இருப்பது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செய்தி வந்தது. "முடிஞ்சது. குடுத்துட்டேன்." அதற்குக் கீழே இன்னொன்று: "இப்ப கூப்பிடலாம்."

கூப்பிடவில்லை. டீக்கடைக்காரர் பார்க்கும்படி அழுதுகொண்டிருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது?

அக்காவின் மூன்று கேள்விகளை அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உள்ளே என்ன இருந்தது? என் மகளின் அடுத்த வருடம். புதிதாக வந்தது என்ன? நான் வாங்கிக் கொடுத்த உறை. கடைசியாகத் தொட்டது யார்? ஜீயபுரத்துக்காரர் விரலை நீட்டிக்கொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

ஆகவே பிள்ளைகளே, நாளைக்கு யாராவது போனில், "மூடித் திறந்தா ஹேங் ஆகுது" என்று சொன்னால், பவர் பட்டனுக்குப் போவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவசரத்தில் இருப்பது அவர்களா, நாமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். "நீங்க பேசினாதான் நிக்குது" என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பத்து எண்ணச் சொன்னால், எண்ணுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நிஜமாகவே பட்டனை அழுத்திக்கொண்டிருப்பவர் அழகாக எண்ணமாட்டார். மூச்சு தடுக்கும், ஏழும் எட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும், போகப் போவது என்னவென்று அவர் விரலுக்குத் தெரியும். அன்று காலை என் மகள் ஒரு எண்கூடத் தடுக்காமல் எண்ணினாள். வெரி குட் என்றேன்.